18 ரூபாய்க்குப் போட்ட காப்பி மிஷின்

பதிவு கொஞ்சம் நீளம். கையில் ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன் என் மனைவிக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. பரிசோதித்ததில் ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவு. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "காப்பி, டீயைச் சாப்பாட்டை ஒட்டிக் குடிக்காதீங்கம்மா. இரும்புச் சத்தை உடம்புல சரியாச் சேரவிடாது. நாளைக்கு ஒரு டம்ளரோட நிறுத்திக்குங்க" என்றார். நாலு வேளை குடித்துப் பழகியவள். ஆட்டோவில் திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஒண்ணுதான்னா அது நல்லா இருக்கணும்."

அந்த ஒன்றை நான் போடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். கல்யாணமாகி 38 வருடம், அவள் போட்டதைக் குடித்துவிட்டு டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் நான். அடுப்படியில் எனக்கு ஒன்றாம் வகுப்புகூட முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான்: "அப்பா, பொடியா வாங்காதீங்க. கொட்டையா வாங்கி அன்னன்னைக்கு அரைங்க. அரைச்ச பொடி சீக்கிரமே வாசனையை விட்டுரும்." கால் கிலோ வறுத்த கொட்டை வாங்கி வந்து மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓட்டினேன். பாதி மைதா மாதிரி, பாதி குருணை. ராத்திரி ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் மேல் பாத்திரத்தில் தண்ணீர் அப்படியே குளம்போல் நிற்கிறது. மறுநாள் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டினேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது, டிகாஷனில் சத்தே இல்லை. காப்பிக்கென்றே விற்கும் சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். உள்ளே அதே பிளேடு. பெயர்தான் வேறு, அதுவும் குட்டி மிக்ஸிதான்.

இத்தனைக்கும் என் மனைவி, "பரவாயில்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்று குடித்தாள். அந்த 'பரவாயில்லை' எனக்குத் தெரியும். விடைத்தாளில் 35 போட்டுத் தேற்றிவிடுவோமே, அந்தப் 'பரவாயில்லை'.

கடைசியில் காப்பிப்பொடிக் கடை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவரிடம் போய் நின்றேன். 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கொட்டையை வறுத்து அரைத்து விற்கிறார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"சார், நீங்க நடத்துன பாடம்தான். ஒரு டம்ளர்ல கற்கண்டு, இன்னொண்ணுல சீனி போட்டு எது முதல்ல கரையுதுன்னு காட்டுனீங்கள்ல? காப்பியும் அதேதான். தூள் நைசா இருந்தா சாரம் சீக்கிரம் இறங்கும், அளவு தாண்டினா கசப்பும் சேர்ந்து இறங்கும். பெருசா இருந்தா சாரம் உள்ளேயே நின்னுரும். மிக்ஸியில ரெண்டும் கலந்து கிடக்கு. அதான் ஒரே டம்ளர்ல கசப்பும் இருக்கு, சப்புன்னும் இருக்கு."

பிறகு ஒரு கைமெஷினைக் கழற்றிக் காட்டினார். "பிளேடு வெட்டும். இது வெட்டாது சார், அரைக்கும். நம்ம வீட்டுத் திருகை மாதிரி. ரெண்டு பல்லுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளியோ, அந்த அளவுக்கு மேல உள்ள துண்டு வெளியே வர முடியாது. இதைத்தான் பர் கிரைண்டர்ங்கிறாங்க."

அதை வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். வயிற்றில் என்னவோ செய்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

என் மனைவி பிறந்த ஊர் பட்டிவீரன்பட்டி. காப்பிக்குப் பேர்போன ஊர். சீரோடு அவள் அம்மா கொடுத்து அனுப்பியது ஒரு இரும்புக் காப்பி மிஷின். மரப்பலகையில் திருகி வைத்தது, மேலே புனல், பக்கத்தில் கைப்பிடி, அளவு வைக்க ஒரு திருகு. விடியற்காலையில் அது ஓடும் கரகர சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். 1992-ல் தவணைக்கு மிக்ஸி வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் பழைய இரும்புக்காரர் வந்தார். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். எடைக்குப் போட்டுவிட்டேன். 18 ரூபாய். வந்ததும், "எங்கேங்க மிஷினு?" என்றாள். சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதோடு மறந்துபோனேன்.

அந்த மிஷினுக்குள்ளும் இருந்தது இதே திருகைதான். எதை எடைக்குப் போட்டேனோ அதையே தேடித்தான் இத்தனை நாள் அலைந்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு, அவர் எனக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கு 20 கிராம் போதும், அதற்குக் கைமெஷினே தாராளம். மூட்டுவலி இருந்தால், ஆள் அதிகம் இருந்தால் கரண்ட் மெஷின் வாங்கலாம். அரைக்கும் பல் ஸ்டீலா, நடுத்தண்டு ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். தண்டு ஆடினால் தூள் சீராக வராது. நம் ஃபில்டருக்குத் தூள் உப்புப் பதம் சரி, ரவையும் வேண்டாம், மைதாவும் வேண்டாம். சிக்கரி சேர்ப்பவர்கள் அதைக் கொட்டையோடு போட்டு அரைக்காமல், தூளாக வாங்கிப் பிறகு கலந்துகொள்ளுங்கள். பல்லைத் தண்ணீரில் கழுவாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து பதம் பிடிக்க நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் 20 நிமிடத்தில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி முடிந்தது. பாலைக் காய்ச்சி, டவராவில் ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் முழுவதும் குடித்து முடித்தாள்.

அப்போது கேட்டேன். "உங்கம்மா குடுத்த மிஷினை உன்னைக் கேக்காமப் போட்டுட்டேன். தப்புதான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பதினெட்டு ரூபாயில ரெண்டு ரூபாய்க்கு எனக்குப் பூ வாங்கிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா? அதை நான் வைக்கல. சாமி படத்துக்குப் போட்டுட்டேன்."

பூ வாங்கியது எனக்கு ஞாபகமே இல்லை. அவள் 30 வருடத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு எனக்குக் காப்பி போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை நான் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "கடலை மிஷின் மாதிரி எதுக்கு இப்படி வேகமாச் சுத்துறீங்க? குடுங்க" என்று வாங்கி, மெதுவாக, ஒரே சீராகச் சுற்றினாள். "எங்கம்மா இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." இப்போது தினமும் பாதி அவள் சுற்றுகிறாள், பாதி நான்.

பிள்ளைகளா, 33 வருடம் உங்களுக்குப் பாடம் நடத்தியவன், உங்களில் ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்டு வந்து இதை எழுதுகிறேன். வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய சாமானை எடைக்குப் போடும் முன், அது யார் கொண்டுவந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் யார் வீட்டுப் பரணிலாவது அந்த இரும்பு மிஷின் இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள். வீட்டம்மாவிடம் காட்ட வேண்டும்.