சுவரோரம் மட்டும் இளஞ்சிவப்பு

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பங்களா அது. மே மாதக் கடைசி. வேலியோரம் ஹைட்ரேஞ்சியாப் புதர்கள் வரிசையாகப் பூத்து நின்றன. ஒவ்வொரு கொத்தும் சின்ன முட்டைக்கோஸ் அளவு, எல்லாமே நீலம். வீட்டுச் சுவரை ஒட்டிய ஒரு புதர் மட்டும் வேலிப் பக்கம் நீலமாகவும் சுவர்ப் பக்கம் இளஞ்சிவப்பாகவும் இருந்தது.

“ரெண்டு செடியைச் சேர்த்து நட்டிருக்கீங்களா?”

தோட்டக்காரர் சிரித்தார். “ஒரே செடிதாங்க. சுவத்துக்கு சிமெண்டு பூசினதுல இருந்து இப்படி ஆயிருச்சு.”

மழைநீர் வழியும்போது பூச்சிலுள்ள சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்குகிறது. கையோடு பி.எச். தாள் கொண்டு போயிருந்தேன். இரண்டு பக்க மண்ணையும் தனித்தனியே காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, தெளியவிட்டு நனைத்தேன். வேலிப் பக்கம் 5. சுவர்ப் பக்கம் 6.5-ஐத் தாண்டியிருந்தது.

இரண்டு நிறத்துக்கும் நிறமி ஒன்றுதான்: டெல்ஃபினிடின் வகை. அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் எந்த மண்ணிலும் உண்டு, ஆனால் பி.எச். 5.5-க்குக் கீழே போனால்தான் கரைந்து வேருக்கு வசப்படும். இந்தச் செடியின் சுவரோர வேர்களுக்கு அது எட்டவில்லை. அந்த வேர்கள் ஊட்டும் கிளைகள் சிவந்துவிட்டன. (நாம் இதழ் என்பவை இதழ்கள் அல்ல, புல்லிகள். இவ்வளவு பெரிய பூவுக்கு மணமும் கிடையாது. எனக்கு அதில் சின்ன வருத்தம்.)

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் அலுமினியம் சல்பேட் ஊற்றிப் பூவை நீலமாக்கும் வித்தையைத்தான் விரிவாகச் சொல்கின்றன. நீலகிரியில் அதற்கு வேலையே இல்லை. தேயிலை கேட்பதும் பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பு மண்தான்.

“நீலத்துக்கு என்னங்க செய்யணும்? சும்மா விட்டாப் போதும். சிவப்புக்குத்தான் பாடுபடணும்” என்றவர், வீட்டுக்காரம்மா கேட்டதற்காக இன்னொரு செடியைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தார். தேயிலைக்குப் போடும் டோலமைட் சுண்ணாம்பில் பிடிப்பிடியாய் எடுத்துத் தூரைச் சுற்றித் தூவுகிறார். கூடவே சூப்பர் பாஸ்பேட். மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் வருடம் அசையவே இல்லையாம். இப்போது பூத்திருந்தது ரெண்டும் கெட்டான் ஊதா. அவசரப்பட்டு அள்ளிக் கொட்டியதில் போன வருடம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிட்டதாம். சுண்ணாம்பு மிஞ்சினால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காது. பக்கத்தில் ஒரு வெள்ளைச் செடியும் நின்றது. அதற்கு எதைப் போட்டாலும் வெள்ளைதான். மாறுவதற்கு அதில் நிறமி இல்லை.

கிளம்பும்போது, சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு குச்சி வேண்டும் என்று கேட்டேன். அவர் வேலிப் பக்கம் போய், பூக்காத கிளையாகப் பார்த்து வெட்டினார்.

“அண்ணா, நான் கேட்டது சிவப்பு.”

“எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒண்ணுதாங்க” என்றபடி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். “உங்க வீட்ல என்ன தண்ணி?”

போர் தண்ணீர்தான், பாத்திரமெல்லாம் உப்பு படியும் என்றேன்.

“அப்பச் சிவப்புதான்.”