சூபர்மேனின் சிவப்புச் சால்வை

நம் வீட்டில் ஆறு வயதுள்ள சூபர்மேன் ஒருவர் வசித்து வருகிறார். பால் குடிக்க மறுப்பது, பலகாரத்தைப் பூனைக்குப் போடுவது முதலிய சாதாரணக் காரியங்களையே அவர் இதுவரை செய்து வந்தார். பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி என்று அறிவித்தார்களோ இல்லையோ, உலகத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு விட்டார்.

கடைவீதிக்கு அழைத்துப் போனோம். கடைக்காரர் பளபளக்கும் நைலான் உடுப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, விலையையும் சொன்னார். சூபர்மேனைக் கற்பனை செய்தவர்கள் அமெரிக்காவில் ஜெர்ரி ஸீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு வாலிபர்கள். 1938-ம் ஆண்டில் அவர்கள் அவனுடைய உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பெற்றவர்களுக்கே அவ்வளவுதான் என்றால், கடைக்காரருக்கு நாம் ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்? "வீட்டிலேயே தைத்துக் கொள்வோம்" என்று வீரம் பேசிவிட்டு வெளியே வந்தோம். பையன் வீடு வரையில் அழுதுகொண்டே வந்தான். உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறோம்: நம் வீரத்தில் பாதி சிக்கனம், மற்றப் பாதி மாதக் கடைசி.

மறுநாள் வெள்ளைப் பருத்திப் பனியனும் கால்சட்டையும், வெந்நீரில் கரைத்த நீலச் சாயத்தில் ஒரு பிடி உப்புடன் மூழ்கின. உப்புச் சேர்த்தால் பருத்தியில் சாயம் நன்றாக ஏறும். நம்முடைய கைகளில் உப்பில்லாமலே ஏறிற்று. சால்வைக்கு நம் தாயார் பெட்டியின் அடியிலிருந்து சிவப்புக் கதர்த் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

மார்பில் பதிக்க வேண்டிய 'எஸ்' என்ற எழுத்தில்தான் வந்தது சங்கடம். துணியின் பின்புறத்தில் வரைந்து வெட்டிவிட்டோம். திருப்பிப் பார்த்தால், கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்து இடம் வலமாக மாறி நின்றது. பையனின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"ஏண்டா, இங்கிலீஷ் எழுத்துத்தான் வேண்டுமோ? தமிழிலே 'சூ' என்று போட்டால் குழந்தை பறக்க மாட்டானோ?" என்றாள் தாயார்.

அப்படியே 'சூ' போட்டோம். பையனுக்குப் பரம திருப்தி. ஆனால் தாயார் சொன்ன கடைசி வார்த்தையை அவன் எவ்வளவு நம்பிவிட்டான் என்பது அப்போது நமக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் உடுப்பை மாட்டிவிட்டோம். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். மொட்டை மாடிக்கு ஓடினோம். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காலை வைத்து அவன் ஏறிக்கொண்டிருந்தான். "அப்பா! காற்று நன்றாக அடிக்கிறது!" என்றான். அவனை வாரி அணைத்துக் கீழே இறக்கிய பிறகுதான் நமக்கு மூச்சு வந்தது. துணியோடு பறக்கும் நம்பிக்கையையும் சேர்த்தல்லவா தைத்துக் கொடுத்திருந்தோம்!

அன்றிரவு அவனை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினோம். காகிதத்தில் உள்ள படம் அசையாது. அசைவது போல் தோன்றுவதற்குச் சால்வை சித்திரக்காரருக்கு உதவிற்று. பறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றோம். வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நான் நடந்தே காப்பாற்றுகிறேன்" என்றான். அவன் தூங்கிய பிறகு, கழுத்தில் போட்டிருந்த முடிச்சைப் பிரித்தோம். எதிலாவது மாட்டிக்கொண்டால் அது கழுத்தை இறுக்கிவிடும் அல்லவா? தோளுக்கு ஒன்றாக இரண்டு அழுத்துப் பொத்தான்கள் வைத்தோம். இழுத்தால் தாமாகவே கழன்றுவிடும்.

போட்டி தினத்தில் மேடைப்படி ஏறும்போது சால்வை ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. பொத்தான்கள் 'படக்'கென்று கழன்றன. சபையோர் சிரித்தார்கள். நாம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆணியையே பார்த்துக் கொண்டிருந்தோம். பையன் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் சூபர்மேன். இன்றைக்கு நடந்து வந்தேன்" என்றான்.

பரிசு பாரதியார் வேஷத்துக்குப் போயிற்று. தீர்ப்பில் நமக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பி வரும் வழியில் பையன் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! அடுத்த வருஷம் நான் பாரதியார். தலைப்பாகையைப் பாட்டி கட்டட்டும். மீசையை மட்டும் கடையில் வாங்கி விடலாம்" என்றான்.

நமது கைவேலையைப் பற்றி இதைவிட நேர்மையான விமரிசனத்தை நாம் கேட்டதில்லை.