பூச்சியத் தீவும் மயிலிட்டி ஒழுங்கையும்

கேப் டவுனில் இருந்து ஐரோப்பா நோக்கிப் போன கப்பலில், ஒரு நாள் விடியவே எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடினோம். ஒரு தீவைப் பார்க்க. அப்படி ஒரு தீவே அங்கே இல்லை என்பதுதான் விசேஷம்!

கினி வளைகுடாவில், கானாக் கரைக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த இடம். பூமத்தியரேகையும் கிரீன்விச் நெடுங்கோடும் சந்திக்கும் புள்ளி. அகலக்கோடு 0, நெடுங்கோடு 0. கணினிக்காரர் இதற்கு வைத்த பெயர் ‘நல் ஐலண்ட்’. ‘நல்’ என்றால் இங்கே ‘நல்ல’ இல்லை, ‘ஒன்றுமில்லை’.

பெயர் வந்த காரணம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க முடியாதபோது, சோம்பேறித்தனமாக எழுதிய நிரல் “தெரியாது” என்று சொல்லாமல் 0, 0 என்று போட்டுவிடும். வரைபடத்தில் அந்தப் புள்ளி நேரே இந்தக் கடலில் வந்து விழும்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு தொடக்க நெடுங்கோடு வேண்டும் என்று 1879இல் ரொறன்ரோவில் கட்டுரை வாசித்தவர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங். 1884இல் வாஷிங்டன் மாநாடு அதற்குக் கிரீன்விச்சைத் தெரிவு செய்தது.

எனக்கு இந்த இடம் அறிமுகமானது அம்மாவால். சில வருஷத்துக்கு முன், சொந்தக்காரர் பிறந்த இடங்களை எல்லாம் வைத்து ஒரு குடும்ப வரைபடம் செய்தேன். ஸ்காபரோவில் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள், லண்டனில் சில, பாரிஸில் சில. அம்மாவின் புள்ளி மட்டும் ஆப்பிரிக்கக் கடலில்.

“நான் என்ன, கடலுக்கையோ பிறந்தனான்?” என்று அம்மா சிரித்தா.

அம்மா தந்தது மயிலிட்டியில் ஊர்ச்சனம் சொல்லும் ஒழுங்கையின் பெயர். 1990 யூனில் சனம் இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டதே 2017 யூலையில்தான். ஆளில்லாத ஒழுங்கையின் பெயரை எந்த வரைபடம் எழுதும்? ஆனாலும், பிழையை மறைத்து 0 போட்டது என் நிரல்தான்.

கப்பல் திரையில் எல்லாம் பூச்சியம் ஆனதும் சனம் கைதட்டியது. சுற்றிலும் தண்ணிதான். கீழே கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் ஆழம். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தா.

“இல்லாத இடத்துக்கு ஒரு பேர் வச்சிருக்கினம். எங்கட ஒழுங்கைக்குப் பேர் இருந்தும் காணேல்லை.”

அன்றிரவு கப்பல் தந்த கடிதத்தாளில் அம்மா ஒழுங்கையைக் கீறினா. கோயில், கிணறு, புளியமரம், கடற்கரைக்கு இறங்கும் பாதை. அதைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டு, புள்ளியை மாற்றினேன். வடக்கு 9.8, கிழக்கு 80.1.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடங்களில் யாரும் ஒரு ஒழுங்கையின் பெயரைச் சேர்க்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.