கித்தாரும் ஒரு தாய்மொழியே

“அடியாத மாடு படியாது” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. எங்கள் மகனுக்குக் கித்தார் கற்பிக்க முனைந்தபோது நாங்களும் அதனையே நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை எவ்வாறு பொய்த்தது என்பதை இப்பள்ளியின் பெற்றோர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

மகன் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன். கோயில் திருவிழாவில் இசைக்குழுவினர் கித்தார் வாசிக்கக் கண்டது முதல், தனக்கும் ஒன்று வேண்டுமெனக் கேட்டு வந்தான். பல மாதங்கள் சேமித்து, சிறுவர்க்கேற்ற பாதியளவுக் கித்தார் ஒன்றை வாங்கினோம். சனிக்கிழமைதோறும் மேருவிலிருந்து கிள்ளானுக்கு வகுப்பிற்கு அழைத்துச் செல்வோம். அவனை வாசலில் விட்டுவிட்டுக் கடைத்தெருவிற்குப் போய்விடுவோம். வீட்டில் “வாசித்தாயா?” என்று அதட்டுவதே எங்கள் பங்காக இருந்தது.

மூன்றாம் மாதம் கித்தார் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. விரல் வலிக்கிறதென்று பிள்ளை அழுதான். “காசைக் கரியாக்கிவிட்டாயே” என்று கடிந்து கூறினோம். அச்சொல் இன்றும் எங்களை உறுத்துகின்றது.

வகுப்பை நிறுத்திவிடுவதென்று ஆசிரியரிடம் கூறச் சென்றோம். அவரோ எங்களை உள்ளே அமர்த்தி, சப்பான் நாட்டு வயலின் ஆசிரியர் சினிச்சி சுசுக்கியைப் பற்றிக் கூறினார். 1898-இல் பிறந்து 1998-இல் மறைந்த அப்பெரியார், சப்பானியக் குழந்தைகள் அனைவரும் கடினமான சப்பானிய மொழியை எளிதாகப் பேசுவதைக் கண்டு வியந்தார். நாளெல்லாம் கேட்பதாலும், தாய் திரும்பத் திரும்பக் கூறுவதாலும், மழலையைக் கண்டு வீட்டார் மகிழ்வதாலும் மொழி வருகின்றது. இசையும் அவ்வாறே வரும் என்பது அவர் கொள்கை. ஆகவே, முதலில் தாயோ தந்தையோ ஒரு பாடலையேனும் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அவர் முறை ‘தாய்மொழி முறை’ என்றே வழங்குகின்றது. பின்னாளில் அது கித்தாருக்கும் வந்தது.

மறுவாரம் முதல் நாங்களும் வகுப்பில் அமர்ந்தோம். எங்களுள் தந்தையாகியவர் செம்பனைக் குலை வெட்டுபவர். காய்த்துப்போன அவர் விரல்களுக்கு நரம்பை அழுத்துவதில் வலியே இல்லை. ஆனால் ஒரு நரம்பைத் தொட்டால் பக்கத்து நரம்பும் சேர்ந்து அமுங்கியது. அதைக் கண்டு மகன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அருகில் வந்து, “விரலை நிமிர்த்தி, நுனியால் அழுத்துங்கள் அப்பா” என்று பிடித்துக் காட்டினான். கட்டிலுக்கு அடியில் கிடந்த கித்தார் அன்றிரவே வெளியில் வந்தது.

அன்று முதல் நாங்கள் கைக்கொண்ட வழிகள் மிக எளியவை. கித்தாரை உறையில் பூட்டி வைக்காமல், பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். இரவு உணவிற்குப் பின் பத்து நிமிடம் மட்டும் பயிற்சி. இரவு வேலை நாள்களில் பள்ளி விட்டதும் பயிற்சி. ஆறு நரம்புகளுக்கும் சுருதி சேர்க்கக் கைப்பேசிச் செயலி உதவியது. கற்கும் பாடலை நாள்தோறும் வீட்டில் ஒலிக்கச் செய்தோம். ஒரு நாளில் ஒரு பிழையை மட்டுமே திருத்தினோம். விரல் நுனி தடிக்கச் சில வாரங்கள் ஆகும் என்றறிந்து, வலித்தபோது நிறுத்திக்கொண்டோம்.

“இது நமக்குரிய கருவியா?” என்று உறவினர் சிலர் வினவினர். பினாங்கில் 1960-களின் இறுதியில் தோன்றிய ‘அலிகேட்ஸ்’ குழுவின் டேவிட் ஆறுமுகமும், 2007-இல் மறைந்த அவர் தம்பி லோகநாதனும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்களே. மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதன் அன்பையும் பெற்றவர்கள் அவர்கள். லோகநாதன் கைக்கொண்ட கருவி கித்தாரே. எடுப்பவர் கையில் எக்கருவியும் நமதாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கடந்த பொங்கலன்று ஒரு நிகழ்ச்சி. பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்த பாட்டி, பேத்தியைத் தாலாட்டிக் கொண்டிருந்தார். மூலையில் அமர்ந்திருந்த மகன், எவரும் சொல்லாமலே அம்மெட்டை ஒற்றை நரம்பில் தேடத் தொடங்கினான். இருமுறை தவறினான், மூன்றாம் முறை கண்டுகொண்டான். பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு, “இது என் அம்மா பாடியதடா” என்றார். அவர் கண்கள் கலங்கின. எங்கள் கண்களுந்தான்.

அன்பார்ந்த பெற்றோர்களே! இசை தெரியாதே என்று நீங்கள் தயங்க வேண்டா. இலக்கணம் கற்றபின்னா நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசக் கற்றுக் கொடுத்தோம்? அருகில் அமருங்கள், செவி கொடுங்கள், தவறினால் சேர்ந்து சிரியுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.