என் சுற்று பாக்கி

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் எனக்கு ஒரு நெருப்பு ஞாபகம் வரும். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு பொட்டல் மேட்டுநிலம் இருக்கிறது. அதன் குறுக்கே ஓடும் ஒடுங்கிய சாலையோரம் ‘வாரன் ஹவுஸ் இன்’ என்ற பப். அதன் கணப்பில் எரிகிற நெருப்பைத்தான் சொல்கிறேன். 1845இல் அந்தக் கட்டடம் எழும்பிய நாள் முதல் அது அணைந்ததே இல்லை என்பார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பழைய சத்திரத்திலிருந்து தணலை அள்ளி வந்து புதுக் கணப்பில் போட்டார்களாம்.

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு வடலூர்தான் தோன்றியது. அங்கே பசித்தவர்களுக்காக வள்ளலார் மூட்டிய அணையா அடுப்பு 1867. இது அதற்கு 22 வருஷம் மூத்தது. முயல்கறி விற்கிற கடையின் கணப்பைத் தன் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததற்காக அந்த மகான் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும். அங்கே பசித்து வந்தவனுக்கு, இங்கே நனைந்து வந்தவனுக்கு. அந்த அளவுக்குத்தான் நினைத்தேன்.

அதே டெவனில் உள்ள எக்ஸிட்டர் நகரில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் ஓய்வுபெற இரண்டு வருஷம் மிச்சமிருந்த ஒரு பெரியவர், ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “அறைக்குள்ளேயே கிடந்தால் உனக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும், ஏறு” என்றார். ஊர்கள் முடிந்ததும் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த ஒரு பள்ளம் வந்தது. கால்நடை தாண்டாமலிருக்க வைத்தது. சக்கரம் அதன்மேல் தடதடத்துக் கடந்ததோடு வேலி, மரம், வீடு எல்லாம் முடிந்தன. நடுரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. குட்டையான குதிரைகள் மழைக்கு முதுகைக் காட்டி நின்றன. பனிமூட்டம் இறங்க இறங்க அவர் வண்டியை உருட்டிக்கொண்டே போனார். ஒரு வளைவில் சட்டென்று மஞ்சள் வெளிச்சம்.

பெயர்ப் பலகையில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று முயல்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் மூன்றே காதுகள். ஆனால் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது இருக்கும். பக்கத்துக் குன்றுகளில் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. நம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உருக்குவாரே, அதே ஈயம். அந்தத் தொழிலாளிகளுக்குக் கறிக்காக முயல் வளர்த்தார்கள். வாரன் என்றால் முயல் வளைகள் நிறைந்த நிலம். சுரங்கங்கள் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அவர்கள் குளிர்காய்ந்த இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உள்ளே போனதும் என் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் தாழ்ந்த உத்தரங்கள், ஈரக் கம்பளி வாசனை, கணப்பு முன்னால் காலை நீட்டிக் கிடந்த ஒரு நாய். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கறுத்த முகத்தோடு புது இடத்தில் நுழைகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய உபசாரம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. வரிசை கிடையாது, எல்லோரும் பானம் ஊற்றித் தரும் மேடையை ஒட்டி நிற்பார்கள். ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ரூபாயை நீட்டி ‘அண்ணே அண்ணே’ என்று கத்துகிற நம் பழக்கத்தை அங்கே காட்டினால் கடைசி ஆளாகத்தான் கவனிப்பார்கள். நிலவறைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பை இழுத்து ஊற்றினார்கள். பனிக்கட்டிக் குளிர்ச்சி இல்லை; மண்பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. அதற்குப் பெயர் ஜெயில் ஏல். சில மைல் தள்ளியிருக்கும் பிரின்ஸ்டவுனில் காய்ச்சுவது. அந்த ஊரில் பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைக்க வந்த சிறை 1809இல் திறந்தது. அந்தச் சிறையால்தான் பானத்துக்கு அந்தப் பெயர். அவர் பைன்ட், நான் அரை பைன்ட். அரை என்றால் 284 மில்லி. அதை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன வேண்டும் என்று ஒருவரும் வந்து நிற்கவில்லை, பில்லை மேசைமேல் வைத்துவிட்டுப் போகவில்லை.

எனக்கு ஏக்கம் அந்த மூன்று மணி நேரத்தின்மேல்தான். குடியின்மேல் இல்லை. நம்பாதவர்கள் நம்பவேண்டாம்.

எங்கள் ஊரில் ‘கடை’ என்று மொட்டையாகச் சொன்னால் ஒரே கடைதான். 2003இலிருந்து அது அரசாங்கக் கடை. கம்பி வலைக்குள்ளே கை போகும், பாட்டில் வெளியே வரும், பக்கத்துச் சந்தில் நின்றபடியே காரியம் முடியும். என் அப்பா மாதம் ஒருமுறை போவார். திரும்பும்போது வாய் நிறையச் சீரகம். அவர் எங்களிடமிருந்து மறைத்தார். எங்களுக்குத் தெரியும் என்பதை நாங்கள் அவரிடமிருந்து மறைத்தோம். அன்று அந்தப் பப்பில் பக்கத்து மேசையில் ஒரு கிழவி கறுப்பு பியர் வைத்திருந்தாள். மகன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். பத்து வயதுப் பேரன் பழச்சாற்றை உறிஞ்சியபடி உருளைச் சிப்ஸை நாய்க்கு மறைவாகப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மேசையில் நடந்த ஒரே மறைவான காரியம் அதுதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “அங்கேயும் கடைக்குப் போக ஆரம்பிச்சிட்டியா?” என்றாள்.

“அது கடை இல்லைம்மா, வீடு மாதிரி.”

“உங்கப்பாவும் அப்படித்தான் சொன்னார், வீடு மாதிரின்னு. அதான் வீட்டுக்கு லேட்டா வந்தார்.”

நம் திண்ணை போல என்று எழுத முதலில் கை போனது. நிறுத்திக்கொண்டேன். எங்கள் தெருத் திண்ணைகளில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்கவேண்டும் என்பதற்குச் சாதி பார்த்த கணக்கு இருந்தது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் தன் ஊரையும் விட்டுவைக்கவில்லை. அவர் சின்ன வயதில் பல பப்களில் கூலிக்காரருக்கு ஓர் அறை, கோட்டு போட்டவருக்குக் கம்பளம் விரித்த வேறோர் அறை. அதே பியருக்குக் கம்பள அறையில் ஒரு காசு கூட. “நீ பார்ப்பது சுவரை இடித்த பிறகு” என்றார்.

கதை சொல்வதில் அவர் கெட்டிக்காரர். இந்த இடத்தைப் பற்றிய பழங்கதை ஒன்று: பனிக்காலத்தில் வழிதவறி வந்த பிரயாணி ஒருவன் சத்திரத்தில் தங்குகிறான். அறையிலிருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே பிணம். நடுங்கிப்போய்க் கீழே வந்தவனிடம் வீட்டுக்காரர்கள் சாவகாசமாகச் சொல்கிறார்கள்: “அது எங்கள் அப்பா. பனி உருகினால்தானே அடக்கம் செய்ய எடுத்துப்போக முடியும்? அதுவரை உப்புப் போட்டு வைத்திருக்கிறோம்.” நான் அப்போது மாவுக்குள் முயல்கறி வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்காகவே காத்திருந்து சொன்னார் என்று நினைக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டார்.

கட்டை போட வந்த பெண்ணிடம், நெருப்பு நிஜமாகவே அணைந்ததில்லையா என்று கேட்டேன். முன்பெல்லாம் சதுப்பில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகளைத்தான் எரித்தார்களாம். இரவெல்லாம் கனிந்துகொண்டே கிடக்குமாம். “நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அணையவில்லை. அதற்கு முந்தியதற்கு நான் பொறுப்பில்லை” என்றாள். இவ்வளவு நேர்மையாக ஒரு தலபுராணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போயிருப்போம். சுற்று முறையை அங்கேதான் கற்றேன். ஒருவர் எல்லோருக்கும் வாங்கவேண்டும், அடுத்த சுற்று அடுத்தவருடையது. தன்னுடையதை மட்டும் வாங்கிக்கொள்வதும், தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போவதும் அங்கே பெரிய குற்றங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது கடைசியாகப் போனோம். முதல் சுற்று அவருடையது. நான் என் சுற்றுக்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் சாலையை விழுங்கிக்கொண்டிருந்தது. அவர் கார்ச் சாவியை எடுத்துக் காட்டினார்.

“எனக்கு ஒன்றோடு சரி, ஓட்டவேண்டும். உன்னுடையது அடுத்த தடவை.”

புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புவார். மூட்டுவலி, மழை, நாய்க்கு வயதாகிவிட்டது, இப்படி நான்கு வரி. முடிவில் கையெழுத்துக்குக் கீழே, வருஷம் தவறாமல், ஒரு பைன்ட் கிளாஸ் வரைந்திருப்பார். காலியாக.