ஐந்து அறைகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் எழுதும் முதல் கடிதங்களை நான் அதிகம் நம்புவதில்லை. அவற்றில் ஊர் இருக்காது; ஊரைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே படித்திருந்தது இருக்கும். மூன்றாவது மாதக் கடிதத்தில்தான் வீட்டுக்காரி வருவாள், ரொட்டியின் விலை வரும், ஜலதோஷம் வரும். ஆண்டு முடியும்போது எழுதுகிற கடிதங்களில் ஊரைப் பற்றி அநேகமாக ஒன்றுமே இருக்காது. அப்போதுதான் அந்த மனிதன் அங்கே மெய்யாகக் குடியிருக்கத் தொடங்கியிருக்கிறான்.

காந்தியடிகளின் லண்டன் நமக்குத் தெரிந்த கதை. 1888-ல் வெள்ளை ஃபிளானல் உடுப்போடு கப்பலிலிருந்து இறங்கி, கறுப்பு உடுப்புக் கூட்டத்தின் நடுவே கூசிப்போனார். இரவுகளில் வீட்டை நினைத்து அழுதார். பிறகு பாண்டு தெருவில் சூட்டுத் தைத்துக்கொண்டு, நடனமும் பிடிலும் கற்றுப் பார்த்தார். மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. நாளைக்கு எட்டுப் பத்து மைல் நடந்து, தாமே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படித்தார். 1891 ஜூனில் பாரிஸ்டராகிக் கப்பலேறியபோது, அந்த ஊரைப் பிரிய அவருக்கு வருத்தமாக இருந்ததாம்.

அவர் போய் ஒன்பது வருஷம் கழித்து அதே நகரத்துக்கு இன்னொரு கீழ்த்திசை மாணவர் வந்தார். 1900 அக்டோபர் 28-ஆம் தேதி. ஜப்பானியர், பெயர் நட்சுமே கின்னொசுகே. சோசெகி என்ற புனைபெயரில் பின்னால் அந்த நாட்டின் தலைசிறந்த நாவலாசிரியர்களில் ஒருவராகப் போகிறவர். வந்தபோது நாவல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குமமோட்டோ என்ற ஊரில் ஆங்கில வாத்தியார்; வயது முப்பத்து மூன்று. ஊரில் ஒரு பெண் குழந்தை. மனைவி மறுபடியும் கர்ப்பிணி. ஜப்பானியக் கல்வி அமைச்சு அவரை ஆங்கில ஆராய்ச்சிக்கென்று அனுப்பிற்று. வருஷத்துக்கு 1800 யென் உபகாரச் சம்பளம். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு 300 யென்.

வந்த மூன்றாம் நாள் அவர் லண்டன் கோபுரத்தைப் பார்க்கப் போனார். புதிதாக வந்த எவரும் செய்வதுதான். இரண்டொரு நாளில் கேம்பிரிட்ஜுக்கும் போய் வந்தார். அங்கே சீமான் வீட்டுப் பிள்ளைகள் காலையில் கொஞ்சம் படித்து, மதியம் விளையாடி, மாலையில் விருந்துண்டு வாழ்வதைக் கண்டார். தமக்குக் கிடைக்கும் பணத்தில் அந்த வாழ்வு கட்டுப்படியாகாது, கட்டினாலும் அதில் படிப்பு நடக்காது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். லண்டன் பல்கலைக் கல்லூரிச் சொற்பொழிவுகளுக்கும் சில மாதந்தான் போனார். வகுப்பில் காதால் கேட்பதைவிட, அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கி அறையில் படிப்பது மேல் என்று தோன்றிவிட்டது.

ஒரே ஒரு ஆசிரியரை மட்டும் வைத்துக்கொண்டார். கிரெய்க் என்ற ஐரிஷ்காரர், ஷேக்ஸ்பியரில் ஊறியவர், பேக்கர் தெருப் பக்கம் ஒரு மாடி மூலையில் வாசம். ஷேக்ஸ்பியருக்கென்றே ஓர் அகராதி செய்ய வேண்டுமென்று நோட்டு நோட்டாக எழுதிக் குவித்தவர். அகராதி அச்சேறாமலே 1906-ல் காலமாகிவிட்டார். அந்த நோட்டுகள் என்ன ஆயினவோ என்று மாணவர் பிற்காலத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கும் அவ்வப்போது அந்த நினைவு வரும். தமிழகராதி செய்யப் புகுந்த கிழவர்கள் இரண்டொருவரை நானும் அறிவேன்.

சோசெகி ஐந்து அறைகளில் மாறி மாறிக் குடியிருந்தார். கோவர் தெரு, பிரையரி சாலை, கேம்பர்வெல், டூட்டிங், கடைசியாகக் கிளாப்பம். ஒவ்வொரு அறையிலும் ஒரு லண்டன். முதலில் நடு நகரம், வாடகைதான் பயமுறுத்திற்று. கேம்பர்வெல் வீட்டுக்காரர் நல்ல மனிதர். கையில் மட்டும் காசில்லை. விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலம் 1901 பிப்ரவரி 2-ல் ஹைடு பார்க்கைக் கடந்தபோது, கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் தவித்த குள்ள வாடகைக்காரரைத் தம் தோளிலே தூக்கிக் காட்டினவர் அவர்தாம். தேரோட்டத்தில் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறோமே, அதுபோல. கடன் முற்றி அந்தக் குடும்பம் டூட்டிங் என்ற ஒதுக்குப்புறத்துக்குப் பெயர்ந்தபோது வாடகைக்காரரும் கூடவே போனார். திருவல்லிக்கேணி மாடி அறையொன்றில் மூன்று வருஷம் கிடந்தவன் நான். வாடகை வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் இப்படி ஓர் ஒட்டுதல் வந்துவிடுவது எனக்கு வியப்பாக இல்லை.

அந்த வீட்டிலே ஒரு வேலைக்காரப் பெண். ஆங்கிலத்திலே பட்டம் பெற்று, ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய பேராசிரியருக்கு அவள் பேசும் லண்டன் தெருப்பேச்சில் ஒரு வார்த்தை விளங்கவில்லை! மன்னிப்புக் கேட்கும்போது அவள் சொல்லும் தொடரை வைத்தே 'பெஜ் பார்டன்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டினார். இன்னொரு நாள் தெருவில் எதிரே குள்ளமாக, அவலட்சணமாக ஒருவன் வருவதைக் கண்டார். யாரடா இவன் என்று பார்த்தால் கடைக் கண்ணாடியில் தம் உருவமே. துப்பினால் எச்சில் கரியாக விழுகிறது என்று நாட்குறிப்பில் எழுதினார். நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கலந்த காற்றை லட்சக்கணக்கானவர்கள் எப்படி மூச்சாக இழுக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்காத புதிர்.

1901 வசந்தத்தில் இக்கேதா என்ற ரசாயன விஞ்ஞானி சிலகாலம் அதே வீட்டில் வந்து தங்கினார். (1908-ல் கடற்பாசியிலிருந்து ஒரு சுவையைப் பிரித்தெடுத்தவர் இவர். நம் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரர் சோற்றில் தூவுகிற அஜினோமோட்டோவுக்கு மூலபுருஷர்!) அவரோடு பேசப் பேசச் சோசெகிக்கு ஒரு வெறி பிறந்தது. இலக்கியம் என்றால் என்ன என்பதை அடியோடு ஆராய்ந்துவிடுவது என்று தீர்மானித்தார். கிளாப்பம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஈத்தலை போன்ற பொடி எழுத்தில் குறிப்பெழுதினார். காகிதம் ஐந்தாறு அங்குல உயரத்துக்கு ஏறிற்று. வயிற்றைக் கட்டிப் புத்தகம் வாங்கினார். வெளியே போவதையும், மனிதரோடு பேசுவதையும் விட்டார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று டோக்கியோவுக்குச் செய்தி போயிற்று.

என் தமக்கை மகன் ஒருவன் மான்செஸ்டரில் படிக்கப் போனான். போன புதிதில், "மாமா, இங்கே ஆளே இல்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு வண்டி நிற்கிறது!" என்று தொலைபேசியில் குதித்தான். மார்கழி வந்தது, நாலு மணிக்கே இருட்டிவிட்டது. "மாமா, நான் திரும்பி வந்துவிடட்டுமா?" என்றான். வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார் அவன் தகப்பனார். வா என்று சொல்ல நான் யார்? வராதே என்று சொல்லத்தான் நான் யார்? எனக்குத் தெரிந்தது கதை ஒன்றுதான். இந்தச் சோசெகியின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்குப் பைத்தியம் பிடித்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள், மாமா" என்றான்.

நியாயமான கேள்வி. பிடிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் சைக்கிள் விட்டுப் பழகச் சொன்னாள். விழுந்து விழுந்து பழகினார். அந்தத் தழும்புகளைப் பின்னால் சிரிக்கச் சிரிக்க எழுதினார். 1902 இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தில் பிட்லாக்ரி என்ற பள்ளத்தாக்குக்குப் போய்ச் சில நாள் வெயில் காய்ந்தார். ஆனால் இதையெல்லாம்விட அவரைக் காப்பாற்றிய விஷயம் வேறு. அதை 1914-ல் மாணவர் கூட்டமொன்றில் அவரே சொன்னார். ஒரு கவிதை நல்லதென்று வெள்ளைக்காரன் சொன்னால், தமக்கு அப்படித் தோன்றாவிட்டாலும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தாராம். தம் சுவையைத் தாமே நம்பலாம், அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வேண்டாம் என்பது லண்டன் அறையில்தான் அவருக்குத் தைரியமாக வந்தது. ஊர் அவருக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அது அவரைத் தனியே விட்டது, அவ்வளவுதான். லண்டனில் கழிந்த இரண்டு வருஷத்தைப் போல் வெறுப்பான காலம் தம் வாழ்வில் இல்லை என்று பின்னால் அச்சிலேயே எழுதினார். நன்றி கெட்ட பேச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. பட்ட கஷ்டத்தால் பலன் கிடைத்துவிட்டது என்பதற்காக, பட்டபோது இனித்தது என்று சொல்ல வேண்டுமா, என்ன?

டோக்கியோவில் அவருக்கு ஷிகி என்று ஒரு நண்பர் இருந்தார். ஹைக்கூக் கவிதைக்குப் புத்துயிர் கொடுத்தவர். முதுகெலும்பில் க்ஷயம் கண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தவர். கடனாளி வீட்டுக்காரரையும் 'பெஜ் பார்டன்' பெண்ணையும் பற்றி 1901 ஏப்ரலில் சோசெகி எழுதிய கடிதங்களைப் படித்து அவர் சிரித்தார். 'ஹொட்டொட்டொகிசு' என்ற பத்திரிகையில் அச்சிலும் போட்டார். மேல்நாட்டைப் பார்க்க ஆசைப்பட்டு, படுக்கையை விட்டு எழ முடியாமற்போனவர் அல்லவா? நண்பரின் கண்தான் அவருக்குக் கண். அந்த நவம்பரில், தாம் இனித் தேற மாட்டோம் என்றும், கண் மூடுமுன் அதுபோல் இன்னொரு கடிதம் வேண்டுமென்றும் கெஞ்சி எழுதினார். சோசெகியோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது. நண்பர் கேட்ட மாதிரியான கடிதம் போகவில்லை. 1902 செப்டம்பர் 19-ல் ஷிகி இறந்தார். செய்தி கப்பலில் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் சோசெகியும் கப்பலேறிவிட்டார்.

1905 ஜனவரியில் லண்டன் கோபுரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரே தடவை பார்த்தது, அத்தனை காலம் கழித்துக் கனவும் நனவுமாக எழுந்து வந்தது. அதே மாதத்தில் ஒரு பூனை சொல்லும் கதையை 'ஹொட்டொட்டொகிசு'வில் தொடங்கினார். அது புத்தகமானபோது, இரண்டாம் பாகத்து முன்னுரையில், ஷிகி கேட்ட கடிதத்தை எழுதாமற்போனதைச் சொல்லி, இந்தப் பூனையை அவர் சமாதி முன் வைப்பதாக எழுதினார்.