படத்துக்குப் பத்தாயிரம், பாட்டுக்கு ஒன்றரை லட்சம்!

சார்லஸ் பர்னெட், லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமா படித்த மாணவர். 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்துக்குக் கதை, கேமரா, எடிட்டிங், தயாரிப்பு, இயக்கம் எல்லாமே அவர்தான். ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்து, தூக்கம் தொலைத்த ஒரு குடும்பஸ்தனின் கதை. வார விடுமுறைகளில், அவர் வளர்ந்த வாட்ஸ் பகுதி ஜனங்களை வைத்தே எடுத்தார். செலவு 10,000 டாலருக்கும் குறைவு.

1977-ல் பட்டப்படிப்புக்காக ஒப்படைத்துவிட்டார். தியேட்டருக்குத்தான் போக முடியவில்லை. பின்னணியில் பழைய இசைத்தட்டுகளை அப்படியே சேர்த்திருந்தார். வகுப்பில் காட்டும் படத்துக்கு உரிமை வாங்க வேண்டுமென்று எந்த மாணவனுக்குத் தோன்றும்? வெளியிடுவதென்றால் பாட்டுக்குப் பாட்டு காசு!

1981-ல் பெர்லினில் விமர்சகர்கள் விருது கிடைத்தது. 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படமென்று பட்டியலில் சேர்த்தது. பாராட்டுக்குக் குறைவில்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்கத்தான் வழியில்லை.

ஒருவழியாக 2007-ல் வெளியானது. பாட்டு உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர். அப்படியும் கடைசிக் காட்சியில் ஒலித்த டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்' கிடைக்கவில்லை. அதே படத்தில் முன்பே வரும் அவருடைய இன்னொரு பாட்டை அங்கேயும் போட்டு முடித்தார்கள்.